ஆறு கம்பி, ஆறாயிரம் சந்தேகம்

"மாமா, சிங்கிள் காயிலா, ஹம்பக்கரா? எது பெஸ்ட்?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு வாசலில் நின்றுகொண்டு ஒருவன் இப்படிக் கேட்டால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? நான் பாதித் தூக்கத்தில், "ரூம் சின்னதா இருந்தா சிங்கிள் காயிலே போதும்டா. ஃபேனைக் குறைச்சு வெச்சுக்கோ, விடிய விடிய எரியும்" என்றேன்.

"மாமா! நான் கேட்டது கொசுவத்தி இல்ல, கிடார்!"

கேட்டவன் என் மச்சினன் மகன். அவன் அப்பாவுக்கும் நான் மாமா, அவனுக்கும் நான் மாமா. தமிழ்க் குடும்பங்களில் இது ஒரு வசதி. ஒரே ஆள் இரண்டு தலைமுறைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பையன் கிண்டியில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் சேர்ந்து ஒன்றரை வருஷமாகிறது. தீபாவளி போனஸ் 30,000 ரூபாய் வந்திருக்கிறது. அப்பா அதைத் தங்கக் காசாக மாற்றச் சொல்கிறார். பிள்ளை எலெக்ட்ரிக் கிடாராக மாற்ற விரும்புகிறான். இடையில் நான்.

என்னிடம் ஏன் வந்தான் என்றால், எங்கள் வீட்டுப் பரணில் ஒரு எலெக்ட்ரிக் கிடார் இருக்கிறது. கொலுப்படிக்கும் பழைய குத்துவிளக்குக்கும் நடுவே, வெள்ளை பெட்ஷீட் சுற்றி நீளமாகப் படுத்திருக்கும். குடும்பத்தில் அதற்குப் பெயர் 'மாமாவோட பொணம்'. அதை வைத்திருக்கிற ஒரே தகுதியில் நான் குடும்பத்தின் கிடார் நிபுணன்.

காப்பி வந்ததும் பையன் செல்போனைத் திறந்து ஒரு எக்செல் ஷீட்டைக் காட்டினான். 14 கிடார்கள், 11 காலம். விலை, எடை, பிக்கப், மரம், ஃப்ரெட் எண்ணிக்கை, கலர், யார் யார் என்ன சொல்கிறார்கள் என்று மார்க் வேறு போட்டிருந்தான். வருமான வரிக்காரர்கள்கூட இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"நாலு மாசமா ராத்திரி ராத்திரி வீடியோ பாத்துத் தயார் பண்ணினேன் மாமா."

"சரி, இந்த 14ல எத்தனையைக் கையால தொட்டுப் பாத்திருக்கே?"

எக்செல் ஷீட்டை மேலும் கீழுமாகத் தள்ளினான். அப்படி ஒரு காலம் அதில் இல்லை.

"கிடார் வாசிக்கவாவது தெரியுமா?"

"ஃப்ரெண்டோட சாதா கிடார்ல நாலு கார்டு போடுவேன். 'எஃப்' மட்டும் இன்னும் வரல மாமா."

அந்த 'எஃப்' என்ற எழுத்தைக் கேட்டதும் எனக்குள் என்னமோ செய்தது. அதைப் பிற்பாடு சொல்கிறேன்.

* * *

முதலில் அந்தக் கொசுவத்தி சமாசாரம்.

எலெக்ட்ரிக் கிடாருக்கு வயிறு கிடையாது. வீணைக்குக் குடம் இருக்கிறது, சாதா கிடாருக்குப் பொந்து இருக்கிறது. எலெக்ட்ரிக் கிடார் பெரும்பாலும் கெட்டிப் பலகை. தட்டினால் கதவைத் தட்டிய மாதிரிதான் இருக்கும். அப்புறம் சத்தம் எங்கிருந்து? கம்பிகளுக்கு அடியில் காந்தம் இருக்கிறது. காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய தாமிரக் கம்பியை ஏழாயிரம் எட்டாயிரம் சுற்றுச் சுற்றி வைத்திருக்கிறார்கள். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் கீழே சுருளில் மின்சாரம் துளி ஓடும். பத்தாங்கிளாஸில் ஃபாரடே என்று ஒருவர் வந்து நம் மார்க்கைக் குறைத்தாரே, அவர் வேலைதான். இந்தத் துளியை ஆம்ப்ளிஃபயர் பெரிசாக்கி எதிர்வீட்டுக்காரரை வரவழைக்கிறது. சுருளும் காந்தமும் சேர்ந்ததற்குப் பெயர் பிக்கப்.

தனிச் சுருளாக இருந்தால் அது சிங்கிள் காயில். வெண்கல மணி மாதிரித் தெளிவான ஒலி. ஆனால் அது கம்பியின் அதிர்வை மட்டும் பிடிக்காது. ட்யூப்லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர், பக்கத்து அறை மிக்ஸி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து 'ம்ம்ம்' என்று ஓங்காரம் பாடும். நம் ஊர் மின்சாரம் செகண்டுக்கு 50 தடவை திரும்புவதால் வருகிற ரீங்காரம் அது. கிப்ஸன் கம்பெனியில் ஸெத் லவர் என்ற எஞ்சினீயர் 1955ல் ஒரு வேலை செய்தார். இரண்டு சுருள்களை எதிரெதிராகப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் பிடிக்கிற இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். கம்பியின் ஓசை மட்டும் ஒன்றுசேர்ந்து கனக்கும். அதுதான் ஹம்பக்கர். எருமைப்பால் காப்பி மாதிரி கெட்டியான ஒலி. ஹெவி மெட்டல் ஆசாமிகள் அதைத்தான் குடிப்பார்கள்.

ஆக, எது பெஸ்ட் என்று கேட்டால் பதில் கிடையாது. டிகிரி காப்பி பெஸ்ட்டா, சுக்குக் காப்பி பெஸ்ட்டா என்கிற மாதிரிதான். நீ யார், உனக்கு என்ன ஜலதோஷம் என்று தெரியவேண்டாமா?

"நீ என்ன வாசிக்கப் போறே?"

"இளையராஜாவும் வாசிக்கணும், மெட்டாலிக்காவும் வாசிக்கணும் மாமா."

பேராசைதான். ஆனால் இதற்கும் வழி இருக்கிறது. ஒரே கிடாரில் கழுத்துப் பக்கம் இரண்டு சிங்கிள் காயிலும், கடைசியில் ஒரு ஹம்பக்கருமாக வைத்து விற்கிறார்கள். ஒரு சின்ன ஸ்விட்சைத் தள்ளினால் ஆள் மாறிவிடும். இன்னும் தன் ருசி எதுவென்று தெரியாதவனுக்கு இந்த மூன்று பிக்கப் ஏற்பாடு தோது என்பது என் கட்சி.

எக்செல் ஷீட்டில் முதல் இரண்டு வரிசையிலும் நட்சத்திரம் போட்டிருந்தான். ஒன்று ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஜாடை, ஒன்று லெஸ் பால் ஜாடை. உலகத்தில் பாதி கிடார்காரர்கள் இந்த இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து நிற்கிறார்கள். சிவாஜி - எம்.ஜி.ஆர். மாதிரி.

ஸ்ட்ராட்டோகாஸ்டரைச் செய்த லியோ ஃபெண்டர் யார் தெரியுமோ? "உன் செக்‌ஷன் ஆள்தான்டா" என்றேன் பையனிடம். நிஜம். அமெரிக்காவில் அக்கவுண்டன்ஸி படித்துக் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். பொருளாதார மந்த காலத்தில் வேலை போனது. 1938ல் கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார். சாகும்வரை அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது! ஆனால் 1951ல் டெலிகாஸ்டர், 1954ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று உலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ரிப்பேர்காரர் புத்தி அதில் தெரியும். கழுத்தை உடம்போடு ஒட்டவில்லை; நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டார். கெட்டுப்போனால் கழற்றி மாற்று, அவ்வளவுதான்.

லெஸ் பால் அதற்கு நேர் எதிர். அசல் வாசிப்புக்காரர். 1940 வாக்கில் ஒரு நாலங்குலப் பைன் கட்டையில் கழுத்தையும் கம்பியையும் பொருத்தி வாசித்தார். பார்க்கிறவர்களுக்குக் கட்டை பிடிக்கவில்லை. ஒரு பழைய கிடாரை இரண்டாக அறுத்து, கட்டையின் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி ஒட்டிக்கொண்டு போனார். இறக்கைக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனாலும் சபை ஏற்றுக்கொண்டது. கண்ணால்தான் நாம் பாட்டுக் கேட்கிறோம் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம். 1952ல் கிப்ஸன் கம்பெனி அவர் பெயரிலேயே கிடார் போட்டது.

இந்த அசல் சரக்குகளின் விலையைக் கேட்டால் போனஸ் மட்டுமில்லை, பி.எஃப்.பும் சேர்ந்து போகும். அதனால் ஃபெண்டர் ஸ்கொயர் என்ற பெயரிலும், கிப்ஸன் எபிஃபோன் என்ற பெயரிலும் மலிவுப் பதிப்பு போடுகிறார்கள். நம்மைப் போன்றவர்கள் நிற்க வேண்டிய க்யூ அதுதான். யமஹா, ஐபனேஸ், கோர்ட் மூன்றும் அதே க்யூவில். கோர்ட் கொரியக் கம்பெனி. இந்தோனேஷியாவில் இருக்கிற அதன் ஃபாக்டரியில் வேறு பெரிய பிராண்டுகளுக்கும் கிடார் செய்து கொடுக்கிறார்கள். பெயர்ப்பலகையைப் பார்த்து ரொம்ப உணர்ச்சிவசப்படவேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

ஷீட்டில் 'டோன்வுட்' என்று ஒரு காலம். அதற்குத்தான் பையன் அதிகத் தூக்கம் இழந்திருந்தான். விரல் வைக்கிற பலகை ரோஸ்வுட்டா, லாரலா? "இண்டியன் ரோஸ்வுட்னா ஒஸ்தியாம் மாமா. இண்டியன் லாரல் மட்டமாம்."

இண்டியன் ரோஸ்வுட் என்பது நம் ஈட்டி மரம். நீலகிரிப் பக்கம் போனால் பழைய பங்களாக்களில் கட்டிலாக, பீரோவாக நிற்கும். 2017ல் ரோஸ்வுட் வகை மரங்களின் சர்வதேச வியாபாரத்துக்குக் கெடுபிடி வந்தபோது கிடார் கம்பெனிகள் வேறு மரம் தேடின. 2019ல் இசைக் கருவிகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். இருந்தாலும் மலிவுக் கிடார்களில் லாரல் தங்கிவிட்டது. லாரல் லாரல் என்று பையன் வெள்ளைக்காரன் மாதிரி பயந்தானே, அது நம் கருமருது! உழைப்புக்குப் பேர்போன மரம். கெட்டிப்பலகைக் கிடாரில், அதுவும் இந்த விலையில், மரத்துக்காக ஒரு ராத்திரித் தூக்கத்தைக்கூடத் தொலைக்க வேண்டாம் என்பேன்.

* * *

அன்று மாலை மச்சினனிடமிருந்து போன்.

"மாமா, நீங்களே சொல்லுங்க. 30,000 ரூவாயக் கொண்டுபோய்க் கம்பியில கட்டணுமா? மூணு மாசம் வாசிப்பான். அப்புறம் உங்க வீட்டு மாதிரி எங்க பரண்லயும் ஒரு பொணம்."

மறுத்துப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் ஒரு கதை சொன்னேன். இங்கிலாந்தில் பிரையன் மே என்று ஒரு பையன். கடைக் கிடார் வாங்கக் காசில்லை. அப்பா எலெக்ட்ரானிக்ஸ் ஆசாமி. 1963ல் அப்பாவும் பிள்ளையுமாக வீட்டிலேயே ஒரு எலெக்ட்ரிக் கிடார் செய்ய உட்கார்ந்தார்கள். பழைய கணப்படுப்பின் சட்டத்திலிருந்து கழுத்து, மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்ப்ரிங், அம்மாவின் பட்டன் என்று கிடைத்ததைப் போட்டுச் செய்து முடித்தார்கள். பிற்பாடு 'குவீன்' குழுவில் உலகம் முழுக்க அவர் வாசித்தது அந்தக் கிடாரைத்தான்.

மச்சினன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "மோட்டார் சைக்கிள் ஸ்ப்ரிங்கா?" என்றான். அப்புறம், "படிப்பை முடிச்சாரா?"

"ஓ! வானவியல்ல டாக்டர் பட்டம்."

"எப்போ?"

"2007ல... 60 வயசுல."

"மாமா!"

கதை கவிழ்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல், "யமஹாலகூட நல்ல கிடார் இருக்காம் மாப்ளே" என்றேன்.

"யமஹாவா? எந்த யமஹா?"

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் மச்சினன் வீட்டில் ஒரு ஆர்.எக்ஸ். 100 நிற்கிறது. 1993ல் சீட்டு எடுத்து வாங்கியது. "அந்தக் காசுல மாடு வாங்கியிருந்தா பாலாவது கறக்கும்" என்று என் மாமனார் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. இன்றைக்கும் வாரம் ஒருமுறை துடைத்து, ஒரு உதை உதைத்து, அந்த 'டப் டப்' சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத்தான் குளிக்கப் போவான்.

"உன் யமஹாதான். அவங்க முதல்ல செஞ்சதே பாட்டுப் பெட்டிதான். 1887ல ஆர்மோனியம் மாதிரி ஒரு ரீட் ஆர்கனை ரிப்பேர் பண்ணினதுலதான் கம்பெனியே ஆரம்பம். பைக்கெல்லாம் 1955லதான். யமஹா முத்திரையில மூணு கோல் குறுக்கும் நெடுக்குமா இருக்கே, என்னன்னு நெனச்சே?"

"ஸ்பானர்?"

"ட்யூனிங் ஃபோர்க். சுருதி பாக்கற கவை."

முப்பது வருஷத்துக்கு மேல் வண்டி ஓட்டியவனுக்குச் சொந்த வண்டியைப் பற்றி இப்படி ஒரு சேதி. "சனிக்கிழமை நானும் கடைக்கு வரேன் மாமா. சும்மா பாக்கத்தான்" என்றான்.

* * *

சனிக்கிழமை அப்பாவும் பிள்ளையும் ஆர்.எக்ஸ். 100ல் வந்தார்கள். நான் மெட்ரோவில். கையில் பரணிலிருந்து இறக்கிய பெட்ஷீட் மூட்டை. விலை கேட்டால் ஒரு ஐந்நூறாவது தேறாதா என்ற எண்ணம். ஸ்டேஷன் செக்யூரிட்டி எக்ஸ்ரே பெட்டியில் விட்டுப் பார்த்து, "என்ன சார் இது?" என்றார். "கிடார்" என்றேன். "வாசிப்பீங்களா?" என்றார். "இல்லை" என்றேன். இந்தப் பதிலை நான் எத்தனை வருஷமாகச் சொல்கிறேன் என்று எல்.ஐ.சி. ஸ்டேஷன் வரை கணக்குப் போட்டுக்கொண்டு போனேன்.

1989. திருவல்லிக்கேணி மேன்ஷன் வாசம். ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தவரிடம் 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். ஆம்ப்ளிஃபயருக்கு வழியில்லை. பழைய வால்வு ரேடியோவின் பின்பக்கம் கிராமஃபோன் செருக ஓர் ஓட்டை இருக்குமே, அதில் செருகி வாசித்தேன். வாசித்தேன் என்பது மிகை. அவரே சொல்லியும் கொடுத்தார். மூன்று மாதம் விரல் நுனியெல்லாம் வெடித்து, சாம்பார் சாதம் பிசையும்போது கண்ணில் நீர் வரும். 'எஃப்' கார்டுக்கு ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கப் போட்டு அழுத்தவேண்டும். அழுத்தினால் 'டொக்' என்று மரச்சத்தம்தான் வரும். "உனக்கு விரல் வரலேப்பா. சில பேருக்கு வராது" என்றார் ஆசான். சரிதான் என்று பெட்ஷீட்டைச் சுற்றினேன். அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்தில், எந்த ஆபீஸ் பிக்னிக்கில் பாடச் சொன்னாலும், "நமக்கு சங்கீதம் வராது சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லப் பழகிவிட்டேன்.

கடைக்குள் நுழைந்ததும் பையன் நேரே போனது ஒரு கறுப்புக் கிடாரிடம். எல்லாப் பக்கமும் கூராக, ஐயனார் கோவில் வேல் மாதிரி இருந்தது. உட்கார்ந்து மடியில் வைத்தால் வழுக்கிக்கொண்டு கீழே போனது. மூன்றாவது தடவை விழுவதற்குள் சேல்ஸ்மேன் வாங்கி மாட்டிவிட்டார்.

மச்சினன் அதற்குள் விசாரணையை ஆரம்பித்துவிட்டான். "யமஹா எது? இதுவா? மேட் இன் எங்கே? ஸ்பேர் கிடைக்குமா? ஃப்ரீ சர்வீஸ் எத்தனை?"

சேல்ஸ்மேன் பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். என் மச்சினன் மகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஆனால் கடையின் மூலையில், மேஜை விளக்கடியில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு கிடாரைக் கழற்றிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார்.

"சார் கேட்டாரே, அதுதான் தம்பி கேள்வி. முப்பது வருஷமா இங்கே உக்காந்திருக்கேன். இதை யாரும் கேட்டதில்லை."

பிறகு அவர் மச்சினனுக்கு மட்டும் சொல்வதுபோல் சொன்னார். கிடார் எங்கேயோ செய்து, கப்பலில் வந்து, குடோனில் கிடந்து, ஏ.சி. கடையில் தொங்கி, கடைசியில் சென்னைப் புழுக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போகிறது. மரம் சும்மா இருக்குமா? ஊதும், சுருங்கும். ஆறு கம்பியும் சேர்ந்து கழுத்தை இந்தப் பக்கம் இழுக்க, கழுத்துக்குள் இருக்கிற ஓர் எஃகுக் கம்பி, 'ட்ரஸ் ராட்' என்பார்கள், அந்தப் பக்கம் பிடித்து நிற்கிறது. அதை முடுக்கி, தளர்த்தி, கம்பியின் உயரத்தை இறக்கி, சுருதி நீளத்தைச் சரிபார்த்தால்தான் கிடார் கிடாராகும். இதற்கு 'செட்அப்' என்று பெயர்.

"செயின் டைட் வெச்சு, டேப்பட் சரி பண்ற மாதிரி" என்றான் மச்சினன்.

"அதேதான். உங்க வண்டியில டேப்பட் கெடையாது, டூ ஸ்ட்ரோக்கு. ஆனா அதேதான்" என்றார் பெரியவர். ஜன்னல் வழியாக ஆர்.எக்ஸ். 100ஐப் பார்த்திருக்கிறார்!

அவ்வளவுதான். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு என் தயவு யாருக்கும் தேவைப்படவில்லை.

பெரியவர் பையனைக் கண்ணை மூடச் சொன்னார். மூன்று கிடார்களை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார். கலரும் தெரியக்கூடாது, பெயரும் தெரியக்கூடாது. "விரல் எது சுகம்னு சொல்லுதோ அதைச் சொல்லு." லெஸ் பால் ஜாடைக் கழுத்து இவனுக்கு உடனே பிடித்துவிட்டது. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அதிர்கிற கம்பி நீளம் 25½ அங்குலம், லெஸ் பாலில் 24¾. முக்கால் அங்குலம் குறைச்சல். மெட்டுக்கு மெட்டு இடைவெளி நெருக்கம், கம்பியும் கொஞ்சம் இளக்கம். ஆனால் வாரைத் தோளில் மாட்டிப் பத்து நிமிஷம் நிற்கச் சொன்னதும் பையன் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். நாலு கிலோவுக்கு மேல். அக்கவுண்ட்ஸில் பத்து மணி நேரம் குனிந்துவிட்டு வருகிறவனுக்கு இது வேறா?

ஸ்ட்ராட் ஜாடை எடை சுகம். கடை ட்யூப்லைட்டுக்கு அது பாடிய ஓங்காரத்தில் மச்சினன் எழுந்து போய் ப்ளக்கைப் பிடுங்கப் பார்த்தான்.

மூன்றாவது யமஹாவின் பஸிஃபிகா. 1990லிருந்து வருகிற ரகம். இரண்டு சிங்கிள், ஒரு ஹம்பக்கர். பையன் விரல் அதில் கொஞ்ச நேரம் அலைந்தது. "இதுதான் மாமா. ஆனா நாலாவது கம்பி ஒரு இடத்துல 'இர்ர்'ங்குது." கண்ணைத் திறக்காமல் சொன்னான்.

பெரியவர் உள்ளேயிருந்து அதே மாடலில் இன்னொன்றைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தித் தட்டச் சொன்னார். இர்ர் இல்லை. கழுத்தின் ஓரத்தை மேலிருந்து கீழே விரலால் தடவச் சொன்னார். ஃப்ரெட் முனை ஒன்றும் குத்தவில்லை. தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல் ஒற்றைக் கண்ணால் கழுத்து நெடுகப் பார்த்துவிட்டு மச்சினனிடம் நீட்டினார். அவனும் பார்த்து, "பெண்டு இல்ல" என்று சான்றிதழ் கொடுத்தான். ஒரே பெயர், ஒரே விலை, இரண்டு கிடார். ஒன்று வாசிக்கிறது, இன்னொன்று முனகுகிறது. எக்செல் ஷீட்டில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரிசைதான்.

கண்ணைத் திறந்ததும் பையன் முகம் விழுந்தது. கிடார் சிவப்பு. அவன் நாலு மாதமாகக் கனவு கண்டது கறுப்பு. இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். பார்க்கப் பிடிக்காத கிடாரை எடுத்து வாசிக்கத் தோன்றாது. கண்ணாடி முன்னால் மாட்டிக்கொண்டு போய் நின்றான். அப்படித் திரும்பினான், இப்படித் திரும்பினான். ஐந்து நிமிஷம் கழித்து, "பரவாயில்ல, ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்றான். கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்கிறவர்கள் இப்படித்தான் சொல்வார்கள்.

கிடார் 20,500. ஹெட்ஃபோன் மாட்டி வாசிக்கிற மாதிரி குட்டி ஆம்ப் 6,200. (முழுப் பணத்தையும் கிடாரிலேயே போட்டுவிட்டு, ஆம்ப்புக்கு ரேடியோவின் பின்பக்கத்தைத் தேடாதீர்கள்.) வயர், வார், பை, உபரிக் கம்பி, சுருதி பார்க்கிற கிளிப் எல்லாம் 2,700. பெரியவரின் செட்அப் 1,000. மொத்தம் 30,400. பையன் என்னைப் பார்த்தான். நான் பெட்ஷீட்டைப் பார்த்தேன். மச்சினன் ஒன்றும் பேசாமல் பர்ஸை எடுத்து 400 ரூபாய் வைத்தான்.

* * *

"சார், அது என்ன?" என்றார் பெரியவர், என் மூட்டையைக் காட்டி.

பிரித்தேன். புழுதி பறந்தது. கம்பியெல்லாம் துரு. அவர் ஓர் எஃகு ஸ்கேலை எடுத்துப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்குக் கீழே வைத்துப் பார்த்தார். வழக்கமாக 2 மில்லிமீட்டர், அதற்கும் குறைவாகவே இருக்கும் என்றார். என்னுடையதில் 5. நுனியில் கம்பி உட்காரும் பள்ளமும் சரியாக அறுக்கப்படவில்லை. துருவால் வந்ததில்லை; பிறவியிலேயே அப்படித்தானாம்.

"இதுல 'எஃப்' போடணும்னா இடுக்கிதான் சார் வேணும். இதுல கத்துக்கிட்டீங்களா? யாரு குடுத்தது இதை?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மெல்லிசைக்காரரை நினைத்துக்கொண்டேன். நல்ல மனுஷர்தான். இதை என்னிடம் தள்ளிவிட்ட பிறகு அவர் வாசிப்பு நிச்சயம் முன்னேறியிருக்கும்.

விற்கத்தான் கொண்டுபோனேன். பெரியவர் என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "விட்டுட்டுப் போங்க, பாக்கறேன்" என்றார். பத்து நாள் கழித்துப் புதுக் கம்பி போட்டு, பள்ளம் அறுத்து, கழுத்தை நிமிர்த்திக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து 'எஃப்' போட்டேன். ஆறில் நாலு கம்பி பேசியது. மற்ற இரண்டும் 'டொக்'. திரும்ப, திரும்ப. இத்தனை வருஷமாக 'எனக்கு வராது' என்று நிம்மதியாக இருந்தவன் இப்போது தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு விரலைத் தேய்த்துக்கொண்டு உட்காருகிறேன். "ஏங்க, அந்தப் பொணத்தை மறுபடி மேல வெச்சுடக் கூடாதா?" என்கிறாள் மனைவி. நேற்று ஐந்து கம்பி பேசியது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மச்சினன் போன் செய்தான். பின்னால் ஹெட்ஃபோன் மாட்டாத கிடார் சத்தம். எந்தப் பாட்டு என்று சொல்ல முடியவில்லை. இளையராஜாவுக்கும் மெட்டாலிக்காவுக்கும் நடுவில் ஏதோ.

"மாமா, வாங்கி ஒரு மாசம் ஆகப் போகுது. தினம் ஒரு மணி நேரம் ஓட்டறான். முதல் சர்வீஸ் எப்போ விடணும்னு அந்தப் பெரியவரைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."